போடுற துணி

எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையில் ஒரு முழத் துணிகூட விழாது. அதை நான் எவர் முன்னாலும் தலைநிமிர்ந்து சொல்வேன். கிழிந்த போர்வை கால்மிதியாகும், பேன்ட்டின் கால் பையாகும், மிச்சம் மீதி அடுப்புத் துடைக்கப் போகும். மற்ற வீட்டுக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் துணியைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என் மகளுக்கோ இதெல்லாம் மானக்கேடு. நான் தைத்த பையைக் கடைப் பைக்குள் மறைத்துத்தான் எடுத்துப் போவாள். என் கையால் தைத்ததைப் போட்டுக்கொண்டு அவள் ஒரே ஒரு நாள் தெருவில் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சொல்வதையே விட்டுவிட்டேன்.

அன்று காலை வெளியே கிளம்பியவள், "அம்மா, போடுற துணி கட்டில் மேல இருக்கு, பாத்துக்கோ" என்றாள். போய்ப் பார்த்தேன். நீலச் சட்டை ஒன்று, கிழிசல் ஒன்றுகூட இல்லாமல் நன்றாகவே இருந்தது. எதைத் தூக்கிப் போடுவது என்று ஒரு விவஸ்தையே இல்லை இவளுக்கு என்று திட்டிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன்.

மதியம் அவள் திரும்பி வந்தபோது நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்தது அந்தச் சட்டையின் கை.

"அம்மா, அது நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போடுற சட்டை."

"தூக்கிப் போடுறதுன்னு நெனச்சேன். போட்டுக்கிற துணின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, விஷயம் புரிந்ததும் புரையேறுமளவு சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் தட்டோடு எழுந்து போனார். அவளோ தரையில் உட்கார்ந்து அழுதாள். தப்பு என் மேல் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பெற்ற வயிறு கேட்கவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணு தச்சுத் தரேன். பிடிக்கலைன்னா கடைக்குப் போ."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பழைய துணி மூட்டையைப் பிரித்தேன். அவள் அப்பாவின் யூனிபார்ம் சட்டைகள் இருந்தன. ஓட்டுநர் சட்டை சீட்டில் உரசி உரசி முதுகில்தான் நைந்துபோகும். முன்பக்கம் நையாமல் அப்படியே இருக்கும். நீலச் சட்டையின் துண்டுகளையே அளவாக வைத்து வெட்டினேன். காலரைப் பிரித்து, வெயில் படாத உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பித் தைத்தேன். பழைய பாக்கெட் இருந்த இடம் மட்டும் நிறம் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேலேயே புதுப் பாக்கெட்டை வைத்துவிட்டேன்.

கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கடைக்குப் போகவில்லை. போட்டுக்கொள்வாள் சரி, யாராவது கேட்டால் வாய் கூசாமல் ஏதாவது கடைப் பெயரைச் சொல்வாள் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்தது.

மறுநாள் காலை வழியனுப்ப நானும் கூடவே இறங்கினேன். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். சட்டை எடுப்பாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கடையில கிடைக்காது ஆன்ட்டி. எங்கப்பா வண்டி ஓட்டுன சட்டை. எங்கம்மா எனக்குத் தச்சது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீட்டிலும் பழைய சட்டைகள் கிடப்பதாகக் கீழ்வீட்டுக்காரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்? என் பெண் தெருமுனை திரும்பும்வரை நான் பார்க்க வேண்டியிருந்தது.