புழுக்களுக்குப் போன ஜன்னல் அறை

வீட்டில் வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. தையல்காரி இத்தனை வருஷமும் அங்கேதான் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் புருஷன் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பட்டுப்புழுக்களோடு வந்து நின்றான்.

"மெஷினைச் சமையலறைக்கு மாத்திக்கோ. இவங்களுக்குக் காத்தோட்டம் வேணும்."

இவங்களாம்! அவள் அம்மா வந்திருந்தபோது 'அது எப்போ கிளம்புது' என்று கேட்ட வாய் அது.

அன்றிலிருந்து அவளுக்குச் சமையலறை மூலைதான். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோப்பதற்குள் கண் பிதுங்கிவிடும். அவனோ சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டான். சென்ட் கூடாது, பவுடர் கூடாது, கொசுவர்த்தி கூடவே கூடாது; மருந்து வாடை பட்டாலே புழு செத்துப்போகுமாம். ஈர இலை தின்றால் புழுவுக்கு வயிறு கெடுமாம். மழையில் நனைந்த மல்பெரி இலைகளை அவளுடைய இஸ்திரி மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துண்டால் ஒற்றி எடுப்பான். மகள் காய்ச்சலில் கிடந்தபோது இந்த மகானுபாவன் தெர்மாமீட்டரைக் கையால் தொட்டதில்லை. புழுக்கள் தின்றன, கழித்தன, தோலுரித்தன, மறுபடி தின்றன. கழிவைக் கொட்டிப் புழு வளர்க்கிற தட்டுகளைச் சுத்தம் செய்வது மட்டும் அவள் தலையில் விழுந்தது.

மகளின் கால் முழுக்கக் கொசுக்கடி. சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது.

"வாசல்ல ஒரே ஒரு கொசுவர்த்தி வெச்சுக்கறேங்க."

"கூடு கட்டற வரைக்கும் பொறுத்துக்கோயேன். என்னையும்தான் கடிக்குது. நான் வாயைத் திறக்கறேனா?"

பெரிய தியாகி! அவன் உடம்பில் ஒரு தடிப்பைக் காணோம். கொசுவுக்குக்கூட இவனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வீடே அதிர ஒரு கத்தல். தட்டு தட்டாகப் புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன.

"கொசுவர்த்தி கொளுத்தினதானே? கொலைகாரி!"

அதுவும் மகள் முன்னால். அவளுக்கு அழுகை முட்டியது, அதற்கு மேல் ஆத்திரம் முட்டியது.

"நான் கொளுத்தவே இல்லைங்க."

"பொய் வேறயா? மோந்து பாரு, மருந்து நாத்தம் வருதா இல்லையா?" தட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

மோந்தாள். வந்தது. ஆனால் தட்டிலிருந்து வரவில்லை, தட்டைப் பிடித்திருந்த கையிலிருந்து வந்தது. அந்தக் கையைப் பிடித்து முழங்கை வரை மோந்துவிட்டு, அவன் சட்டைப் பையில் கைவிட்டாள். கொசு கடிக்காமலிருக்கத் தடவுகிற களிம்பு டியூப் இருந்தது, பாதிக்கு மேல் காலி.

"அது... தினமும் கை கழுவிட்டுத்தான் இலை போடுவேன். நேத்து ஒருநாள் மறந்துட்டேன்."

"அப்போ இத்தனை நாளா உங்ககிட்ட இது இருந்துச்சாப்பா?" என்றாள் மகள்.

அவன் தட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மகளின் காலை மட்டும் பார்க்கவில்லை.

தையல்காரி டியூப்பில் மிச்சமிருந்ததை மகளிடம் கொடுத்தாள். "புண்ணுல படாமத் தடவிக்கோ கண்ணு."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "தட்டைக் கொட்டிட்டு, சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. மெஷினைத் தூக்க ஒரு பக்கம் பிடிக்கணும்."

பிடித்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கறுப்பு நூல் முதல் தடவையிலேயே ஊசியில் ஏறியது.