வாமதேவனின் பொபினி வீடு

பாரிஸ் லா சப்பலில் மரியரட்ணத்தின் பலசரக்குக் கடையில் காசுப் பெட்டியடியில் நிற்கும் வாமதேவனுக்கு ஆள் நிழல் விழுவதில்லை, வீட்டு நிழல்தான் விழுகிறது. இரண்டு தட்டு வீடு, சரிந்த கூரை, ஒரு புகைபோக்கி, பின்பக்கம் ஒரு செரி மரம். காலையில் அது ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் சுவரில் ஏறி நிற்கும். பின்னேரமானால் நீண்டுகொண்டு போய்ப் புகைபோக்கி ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் விழும். மழை நாளில் ஒன்றும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் இதைக் கத்தரிக்காய் விலைபோலக் கதைத்துவிட்டுப் போகிறார்கள். அது அவன் வாங்காமல் விட்ட வீடு என்பதும் அவர்களுக்குத் தெரியும். வாமதேவனை வெயிலில் வாட்டுவது அதுதான்.

வீடு பாரிசுக்கு வெளியே பொபினியில் இருந்தது. விற்க நின்றவர் மதாம் ஜிஸ்லேன் என்ற விதவை. பார்க்க வந்த மற்றவர்கள் சுவரைத் தட்டி ஈரம் தேடிக்கொண்டிருக்க, வாமதேவனின் மனைவி கோசலை நேரே குசினிக்குள் போய் ஜன்னலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாரிசுக்கு வந்த நாள் முதல் அவள் சமைத்த குசினிகளில் ஜன்னல் இருந்ததில்லை. மீன் பொரித்தால் மகள் யசோதினியின் உடுப்பெல்லாம் மணக்கும், அவள் பல்கலைக்கழகத்துக்குச் சென்ட் அடித்துக்கொண்டு ஓடுவாள். ஜன்னலடியில் நின்ற கோசலையின் கையைப் பிடித்து, வீடு உங்களுக்குத்தான் என்று மதாம் சொன்னார். வங்கியும் ஓம் என்றது. ஆனால் உறுதி எழுதும் நொத்தேர் முன்னால் இரண்டு பகுதியும் கையெழுத்து வைக்கும்வரை அது வெறும் வாய்ச்சொல், யாருக்கும் போகக்கூடிய வீடு.

நொத்தேர் கொடுத்த திகதி ஆடி பிறந்த கிழமையில் விழுந்தது. வாமதேவன் பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது. தேருக்கும் தீபாவளிக்கும் கோயிலில் தலை காட்டுகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் வீடு என்று வந்ததும் எங்கிருந்தோ ஆடி வந்து அவன் தலையில் ஏறிக் குந்திக்கொண்டது.

“ஆடியிலை ஆராவது வீட்டுக்குக் கையெழுத்து வைப்பினமோ? விளங்காது.”

“கையெழுத்துத்தானே, இஞ்சேருங்கோ. பால் காய்ச்சிக் குடிபூருறதை ஆவணியிலை வைப்பம்,” என்றாள் கோசலை. இரண்டு நாள் கெஞ்சியும் பார்த்தாள். அவன் அசையவில்லை. மதாமுக்குப் போன் எடுத்து ஒரு மாதம் பொறுக்கச் சொல் என்று மகளிடம் போனை நீட்டினான்.

“ஆடியைப் பிரெஞ்சிலை என்னெண்டப்பா சொல்றது? அவைக்கு இது லீவு எடுத்து வக்கான்ஸ் போற மாதம்!” என்ற யசோதினி, ‘ஸே லா ஓந்த்’ என்று தன் வெட்கக்கேட்டைப் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போனாள். அங்கே நின்று, அப்பாவுக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை, எழும்ப ஒரு மாதம் செல்லும் என்று சொல்லிவிட்டாள். மதாம் பதறிப்போய், வீடு எங்கேயும் ஓடாது, முதலில் உடம்பைப் பாருங்கள் என்றார். பொறுக்கிறாவாம் என்று மகள் வந்து சொன்னதும் வாமதேவனுக்குப் பெரிய நிம்மதி. என்ன சொல்லிப் பொறுக்க வைத்தாய் என்று அவன் கேட்கவில்லை.

கையெழுத்து வைக்கத்தான் ஆடி கூடாது, சொல்லித் திரிய எந்த மாதமும் கூடும் அல்லவா? ஒரு கிழமைக்குள் லா சப்பல் முழுக்கப் பொபினி வீட்டைப் போனில் பார்த்துவிட்டது. குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று, சமையலுக்கு ஆளும் பேசியாயிற்று. ஒரு மத்தியானம் கடையில் லட்டுப் பெட்டியை ஏந்திக்கொண்டு, மேல் தட்டுக்குப் படியேறும்போது எப்படித் தலையைக் குனிய வேண்டும் என்று வாமதேவன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மரியரட்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் வாமதேவன். நிமிர்ந்தபோது வாசலில் மதாம் ஜிஸ்லேன் நின்றார். அவரிடம் இருந்தது கடை விலாசம் மட்டும்தான். நோயாளியின் வீட்டுக்கு அங்கே வழி கேட்கலாம் என்று, கையில் ஒரு போத்தல் செரி ஜாமோடு வந்திருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாமதேவன் இன்றைக்கும் நினைக்கிறான். ஜாம் போத்தலை மேசையில் வைத்து, உங்கள் வருத்தம் மாறியதில் சந்தோஷம், முசியே, என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். மகள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அந்த ஒரு வசனத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. லட்டும் கையுமாகப் பின்னால் ஓடினான். நடைபாதையில் வெயில் பட்டதும் அவன் காலடியிலிருந்து ஒரு கூரை விரிந்தது. மதாம் திரும்பிப் பார்த்தார். நிழலில் தன் வீட்டை அடையாளம் கண்டார், புகைபோக்கியையும் மரத்தையும் ஒருதரம் சரிபார்த்தார், பிறகு மெட்ரோப் படியேறிப் போய்விட்டார். அடுத்த கிழமையே வேறு ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குக் கையெழுத்து வைத்தது. பொபினியில் வீட்டுக்கு அன்று தொடக்கம் நிழல் இல்லையாம். வாங்கியவர்கள் தடித்த திரைச்சீலை போட்டுச் சமாளிக்கிறார்கள்.

குடிபூரலுக்குச் சொன்ன ஒவ்வொருவரிடமும் வீடு இல்லை என்று வாமதேவன் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் நிழலைப் பார்த்துவிட்டு, ஓ, இதுதான் வீடோ, நல்ல வீடு என்றார்கள். அவர்கள் பரிகாசமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் கூசியது. வானம் மப்பு மூடிய நாட்களில் மட்டும் தெருவால் நடந்தான். அந்த வருடத் தேருக்கு அவன் போகவில்லை. சாமியின் மேல் தன் வீடு விழுந்தால் எந்த முகத்தோடு வடம் பிடிப்பது? யசோதினி தன் பொய்தான் வீட்டைக் கெடுத்தது என்று வெட்கப்பட்டாள், அவன் தன் ஆடியும் தன் வாயும்தான் என்று வெட்கப்பட்டான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு வருடம் சோறு தின்றார்கள். அவள் லியோனில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அடுத்த கோடையில் அனல் காற்று வந்து பாரிஸ் வெந்தபோது மரியரட்ணம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“குறை நினையாதேங்கோ தேவன் அண்ணை, கீரை வாடுது. கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோவன்.”

நின்றான். கீரை வாடவில்லை. பஸ்ஸுக்கு நின்ற கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கூரைக்குக் கீழ் வந்து மெர்சி சொன்னார்கள். அவன் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

இவ்வளவு காலமும் கோசலை வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. திட்டியிருந்தால் அவனுக்குப் பாரம் குறைந்திருக்கும், அவள் அந்த உதவியைச் செய்யவில்லை. அந்த அனல் காற்றுக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடக்குக் கதிரை ஒன்றையும் பயற்றங்காய்ப் பையையும் எடுத்துக்கொண்டு, வாங்கோ என்றாள். ஸ்டாலின்கிராடில் தண்ணீர்க்கரை வெளிக்கு அவனைக் கூட்டிப்போனாள். அங்கே பாதி லா சப்பல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது, திரும்பிப் போவோம் என்றான். அவள் அவனை வெளியின் நடுவில் நிறுத்தினாள். வீடு விழுந்தது.

கோசலை முதல் முறையாக அதற்குள் காலடி வைத்தாள். வாசல் இருந்த இடத்தால் நுழைந்து, மண்டபத்தைக் கடந்து, படியை விலத்தி நடந்தாள். நிழலில் ஓரிடத்தில் வெளிச்சம் ஒரு சதுரமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் கதிரையை விரித்து உட்கார்ந்தாள்.

“இதுதான் குசினி,” என்றாள்.

“கோசலை, நான் அண்டைக்குக் கையெழுத்து வைச்சிருக்க வேணும்.”

“ஓம்,” என்றாள் அவள், பயற்றங்காயை முறித்துக்கொண்டே. “வைச்சிருக்க வேணும்.”

அவன் காலை மாற்றி வைத்தான்.

“அசையாதேங்கோ. ஜன்னல் விலகுது.”

வெயில் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அவர்கள் அங்கே இருப்பார்கள். கோசலை குசினியில் மரக்கறி வெட்டுவாள். லியோனிலிருந்து யசோதினி வந்தால் மேல் தட்டு விழும் இடத்தில் படுத்திருந்து போன் பார்ப்பாள், சில வேளை அங்கிருந்தே அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பாள். தெரிந்தவர்கள் வந்தால் மண்டபத்தில் இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். வாமதேவன் மட்டும் அந்த வீட்டுக்குள் போக முடியாது. அவன் வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்பான்.