ஈரக் கரி

...ஈரமாக இருக்கவே முடியாது, வேர் அழுகினால் காயப்போட வேண்டும் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து தபீதாள் இந்த ஆர்க்கிட் செடிக்குச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை, தாம்பரத்தில் மழையும் இல்லை, பிறகு ஏன் தொட்டியைக் கவிழ்த்ததும் மண்ணுக்குப் பதிலாகப் போட்ட கரித்துண்டுகள் இப்படிச் சில்லென்று உருள்கின்றன... வேரைப் பிடித்தால் தோல் ஊறிய காகிதம்போல் விரலோடு வருகிறது. பிளேடால் வெட்டினாள், இன்னும் மேலே, இன்னும்... கெட்டியாக ஒரே ஒரு வேர். அது போதுமா? ஹில்டா வந்துவிடுவாள். இன்று அவள் அக்கா ஞானஜோதியின் நினைவு நாள், கோயிலில் பீடத்துக்குப் பூ இந்த வீட்டிலிருந்துதான் போகவேண்டும், ஞானஜோதி ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த செடி அவள் இறந்த பிறகும் பூத்தது, தபீதாள் அவள் இடத்தில் இரண்டாம் தாரமாக வந்த இந்த வருஷம்தான் பூக்கவில்லை, காலையில் ஆராதனை முடிந்ததும் கடையில் வாங்கிய சம்பங்கியைப் பார்த்து ஹில்டா எல்லோர் காதிலும் விழச் சொன்னாள், "எங்க அக்காவுக்குக் கைராசி. எல்லாருக்கும் அமையுமா? சாப்பாட்டுக்கு வரேன், செடிய எடுத்துட்டுப் போயிடறேன், உசிராவது மிஞ்சும்." எடுத்துப் போகட்டுமே, வீடு லேசாகும், போய்விட்டால் இந்த வராந்தாவில் வெறும் சுவர்தான் இருக்கும், தன்னுடைய சுவர்... ஆனால் தண்ணீர் ஊற்றியது யார்?

குடும்ப ஜெபம் முடிந்ததும் கணவர் எலியேசர் தினமும் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார், காலி டம்ளரோடு திரும்புவார், குடிக்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள், ஏன் உள்ளேயே குடிக்கக்கூடாது என்று ஒருநாளும் கேட்டதில்லை, இந்த வீட்டில் கேட்காத கேள்விகள் எத்தனை... நிமிர்ந்தாள். அவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், தரையில் கிடந்த கரியையும் வெட்டிப்போட்ட வேர்களையும் பார்த்தபடி.

"தண்ணி ஜாஸ்தியாயிட்டுதா?"

"ஆமா."

கோபமா தனக்கு, அவர்மேலா, இறந்துபோனவள்மேலா, தினமும் ஒரு டம்ளர், தினமும், தனக்கு அவர் எப்போதாவது ஒரு... சீ, செடியோடு என்ன கணக்கு.

கேட் கொக்கி கிரீச்சிட்டது. "அத்தான், எங்க செடி?" என்றபடியே வந்த ஹில்டா தரையைப் பார்த்து நின்றாள். "ஐயோ, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க! யார் பண்ணது?"

எலியேசர் வாயைத் திறந்தார். உண்மை அங்கேயே இருந்தது, ஒரே வார்த்தைதான், சொல்லிவிட்டால் கைராசிப் பேச்சு இன்றோடு தீரும்...

"நான்தான்," என்றாள் தபீதாள். "தெரியாம தண்ணி ஊத்திட்டேன். இனிமே பாத்துக்கறேன். இங்கயே இருக்கட்டும்."

ஹில்டா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் ஏறவில்லை. இங்கயே இருக்கட்டும்... சற்றுமுன் போனால் போதும் என்றிருந்தவள்தானே? அவரைக் காப்பாற்றத்தானா அது? இல்லை, அவர் தன்னிடம் மறைத்த ஒன்றில் தனக்கும் பாதி வேண்டும் என்றா? அவர் குனிந்து கரித்துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக, வெயில் விழும் இடத்தில் பரப்பிக்கொண்டிருந்தார்.