டெல்மர் ஒட்டிய சீட்டு

இந்தச் செப்டம்பர் துப்பாக்கி சுடும் போட்டியில் தன் மதிப்பெண் கணக்கில் ஏறாவிட்டால் கைத்துப்பாக்கியை விற்றுவிடுவேன் என்று வெர்னா சுண்ட்குவிஸ்ட் கிளப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். குளிர்காலத்தில் வலது மணிக்கட்டில் கத்தி வைத்தாயிற்று. வயது அறுபத்து நான்கு. வாய் மட்டும் கொஞ்சமும் தளரவில்லை. சொன்னால் செய்துவிடுகிறவள் என்பதால் அவள் புருஷன் டெல்மருக்குத்தான் கவலை.

கார் கொட்டகையில் இருந்த மேசையில் இரண்டு மாதமாக இருவரும் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா நிரப்பிப் பார்த்தார்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் கோடை போயிற்று.

"பழைய மருந்துக்கு என்ன கொறச்சல்? பதினேழு வருஷமா அதுலதான சுடுறேன்?"

"அது கூட்டோட அடியில கொஞ்சூண்டு கெடக்கும், வெர்னா. பேச்சு சுவாரசியத்துல ரெண்டு தடவ கொட்டிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கி கையிலயே வெடிச்சிரும். இது பஞ்சு மாதிரி. ரெண்டாந்தடவ போட்டா வழிஞ்சிரும்."

"பேச்சு சுவாரசியமா? இங்க பேசறது யாராம்?"

"நான் யாரு பேரயும் சொல்லலயே."

கடைசியில் பஞ்சு மருந்தே ஜெயித்தது. அது சீக்கிரம் எரியும். கனமான குண்டுக்கு அதைக் கொஞ்சமாகப் போட்டால், கையை உதைக்காமல் தள்ளும். ஆனால் அதற்காக ரொம்பவும் குறைக்க முடியாது. சுட்ட வேகத்தில் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே இழுக்க வேண்டும். போட்டி விதி வேறு இருந்தது. குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் எண் ஒரு அளவுக்குக் கீழே வரக் கூடாது. வந்தால் மதிப்பெண் பூஜ்யம். எவ்வளவு மருந்து போடலாம் என்று சொல்லும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழ் அளவில் ஆரம்பித்து, ஐந்தைந்து தோட்டாக்களாக மருந்தை ஏற்றிச் சுட்டுப் பார்த்து, விதிக்கு மயிரிழை மேலே ஓர் அளவில் வந்து நின்றார்கள். அதைச் சுடும்போது வெர்னா முகத்தைச் சுளித்தாள்.

"வலிக்குதா?"

"கொசு கடிச்சாக்கூடத்தான் மூஞ்சியச் சுளிப்பேன். நீ அளவ எழுது."

வியாழக்கிழமை அவள் தேவாலய விருந்துக்கு ஆப்பிள் பை பலகாரம் செய்யப் போயிருந்தபோது போட்டிக்கான தோட்டாப் பெட்டியை டெல்மர் தனியாக நிரப்பி, மருந்து, எடை, குண்டு, தேதி எல்லாம் எழுதிச் சீட்டு ஒட்டினான். அந்த வட்டாரத்தில் தோட்டா நிரப்புகிறவன் ஒட்டும் சீட்டு பைபிளில் கை வைத்துச் சொன்ன மாதிரி. அதை யாரும் மறுபடி நிறுத்துப் பார்ப்பதில்லை.

போட்டியன்று காலை புல் மேல் உறைபனி. முதல் சுற்றிலேயே வெர்னாவுக்கு ஏதோ உறுத்தியது. எப்போதும் வலப்பக்கம் நாலு எட்டு தள்ளிப் பறந்து விழும் கூடுகள் இன்று அவள் பூட்ஸ் ஓரமாகவே விழுந்தன. குளிர்தான் காரணம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கை வலிக்கவே இல்லை, அடி ஒவ்வொன்றும் நடுவில் போய் விழுந்தது. ஆறு வருஷத்தில் இப்படிச் சுட்டதில்லை. சந்தோஷமாக இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்றாம் சுற்று முடிந்ததும், வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்த நடுவர் கஸ் எல்லாரிடமும் எடுப்பது போல அவள் பையிலிருந்தும் எட்டுத் தோட்டா எடுத்தார். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்தார். மற்றவற்றைச் சுட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வெர்னா... இது தேறலம்மா."

"அந்தப் பிரிச்ச கூட்டுல இருந்த மருந்தயும் கொஞ்சம் நிறுங்க."

நிறுத்தார். சீட்டில் எழுதியிருந்ததைவிடக் குறைவாக இருந்தது. டெல்மர் தன் தொப்பிக்குள் எதையோ தேடினான்.

"புத்தகத்துல இருக்கற கீழ் அளவுக்கு மேலதான் போட்டேன், வெர்னா. ஆபத்து ஒண்ணும் இல்ல."

"ஆபத்தப் பத்தி நான் கேட்டனா? சீட்டுல என்ன எழுதியிருக்க?"

மதிப்பெண் போனது அவளுக்கு அவ்வளவு எரியவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷன் எழுதியதை அவள் சரிபார்த்ததே இல்லை. அதுதான் எரிந்தது.

கணக்கில் சேராது என்று தெரிந்தும் மிச்சச் சுற்றுகளை வீம்புக்குச் சுட்டாள். வழக்கம்போல டெல்மர் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூடு பொறுக்கினான்.

"தூரமாப் போக வேண்டியதில்ல. முதுகுக்கு நல்லதுதான்" என்றான், மெல்ல.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

இருபது மைல் தாண்டி வீடு வந்தது. இறங்கியதும் நேராகக் கொட்டகைக்குப் போய், இருவரும் எழுதிவரும் நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் பிரித்தாள். சீட்டில்தான் பொய். நோட்டில் உண்மையான எடையே இருந்தது. அதன் கீழே டெல்மரின் கோழிக் கிறுக்கல்:

"குறைத்துவிட்டேன். இதற்கு மேல் அவள் கை தாங்காது. அவள் துப்பாக்கியை விற்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் யார் பின்னால் போய்க் கூடு பொறுக்குவது?"

இரண்டு முறை படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. கட்டிக்கொள்ளலாமா, மண்டையில் ஒன்று போடலாமா என்று தெரியவில்லை. பெட்டியில் இருந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

டெல்மர் கூடு நிறைந்த தொப்பியோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் துணியவில்லை.

"விக்கப் போறியா, வெர்னா?"

அவள் நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் வரிக்குக் கீழே, மணிக்கட்டு இன்னும் சரியாகாத கையால், கோணல்மாணலாக எழுதியிருந்தாள்:

"தாங்கும். பழைய அளவையே போடு. தூரமாகப் போய்ப் பொறுக்கு."