மஞ்சள் திரைக்குப் பின்னால்

“உன்னாலதான்டா! சாப்பாட்டு நடுவுல அவ கிளம்புறப்ப, போற இடத்துல ஆபத்து வரக்கூடாதுன்னு எல்லாரும் தட்டைத் திருப்பி வெச்சோம். நீ மட்டும் கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே இருந்தே!”

பசிதா தன் தம்பி தோதோங்கைத் திட்டுவது பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

“தட்டுத் திருப்பினா விசா மாறிடுமாக்கா?” என்றான் அவன்.

பசிதாவின் மகள் ஜோவெலின் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள். மாணவர் விசாவில் போனால் படித்துக்கொண்டே அங்கே நர்ஸாகிவிடலாம் என்று ஏஜென்ட் கரீனா சொன்னதை நம்பி சிட்னி போனாள். இப்போதெல்லாம் வீடியோவில், “நல்லா இருக்கேம்மா” என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எனக்கென்ன வந்தது என்று இருக்க முடியுமா? எதிர்வீட்டு மெர்லி, சிட்னிக்கு மறுகோடியில் இருக்கும் பெர்த்தில் படிக்கிறாளாம், அவளையும் கரீனாதான் அனுப்பினாள். மெர்லி தன் அம்மாவை வீடியோவில் அழைத்தபோது எட்டிப் பார்த்தேன். ஜோவெலின் பின்னால் தொங்கும் அதே மஞ்சள் திரை, அதே மூலையில் சூடுபட்ட ஓட்டை.

மறுநாள் பசிதாவின் கைப்பேசியைப் பிடுங்கி, “திரையை விலக்கு பொண்ணே” என்றேன்.

ஜோவெலின் பக்கவாட்டில் யாரையோ பார்த்தாள். பிறகு விலக்கினாள்.

பின்னால் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மெர்லியும் இருந்தாள். பேச முறை வரும் முன்பே எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு இருந்தது. “இங்க காலேஜே இல்லம்மா” என்றாள் ஜோவெலின், சிரிப்பு மாறாமலே.

தூதரகம் பத்துப் பேரில் ஒன்பது பேரைத்தான் மீட்டது. ஜோவெலின் ஊர் திரும்பி, பக்கத்துக் கிமாராஸ் தீவில் ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். கரீனா சேபு நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். மெர்லி மட்டும் இன்றும் அம்மாவை அழைத்து, பெர்த்தில் நல்ல வெயில் என்கிறாள்.