கலைமதி டீச்சரின் நம்பர்

சும்மா போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் நான் சிம் வாங்கிய கதை. கடைசியில் மூன்று ஏழு வருகிற நம்பர். ஆசைப்பட்டு வாங்கி, என் ஜேசிபியின் இரண்டு பக்கமும் ‘ஆனந்தராஜ், வல்லத்திராக்கோட்டை’ என்று பெயரோடு எழுதியும் வைத்தேன். பெயிண்ட் காய்வதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கிணறு தோண்ட ஒருத்தர் கூப்பிட்டால், “டீச்சர், ஓடிபி வந்துச்சா?” என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். என் கட்டைக்குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்கள்.

விவரத்தைச் சொன்னவன் நாகராசு. குவைத்தில் டிரைவர். “கறம்பக்குடி கலைமதி டீச்சர் நம்பர் சார் இது. எங்க பக்கமெல்லாம் அவங்கதான் மொத மொத கம்ப்யூட்டர் சென்டர் வச்சாங்க. எங்க வீட்டுலயெல்லாம் ஏது போனு? எல்லாருக்கும் மெயில் ஐடி போட்டு அவங்க நம்பரையே குடுத்துட்டாங்க. பாஸ்வேர்டு மறந்தா அங்கதான் ஓடிபி கோடு வரும்.”

ஊர்ப் பிள்ளைகள் மொத்தப் பேரின் சாவியும் என் சட்டைப்பையில் கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை. எரிச்சலாக இருந்தது. அவனுக்கு வந்திருந்த கோடு நம்பரைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். சொல்லித் தொலைத்தால் தொல்லை விட்டது என்பதுதான் என் கணக்கு.

அதற்கப்புறம் ஒருவன் விடாமல் கூப்பிட்டான். ரொம்ப மரியாதை. “டீச்சர் வீட்டுக்காரருங்களா? நான் சுடர்விழி வீட்டுக்காரன்ணே. அவ மெயில தொறக்கணும். இப்ப ஒரு கோடு வந்திருக்குமே, அத மட்டும் சொல்லுங்க.” சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பாறையில் மாட்டி உறும, “அப்புறம் பண்ணுய்யா” என்றேன். சாயங்காலம் பண்ணுகிறேன் என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த டீச்சரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பைக்கை எடுத்துக்கொண்டு கறம்பக்குடி போனேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். என் வண்டியில் பெயிண்ட் அடித்து எழுதின நம்பரில் ஊரே ஓடிபி கேட்கிறது என்று வாசலிலேயே நின்று கத்தினேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அந்த நம்பர் ஒங்ககிட்டயா இருக்கு?” என்றார். நான் திட்டியது எதுவும் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இடுப்பெலும்பு உடைந்து திருச்சி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாராம். ரீசார்ஜ் பண்ண ஆளில்லாமல் நம்பர் கைவிட்டுப் போயிருக்கிறது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கூடத்தில் இங்கிட்டும் அங்கிட்டும் வாக்கர் தட்டிக்கொண்டே இருந்தது.

“வீட்டுக்கு வந்ததும் இப்பத்தான் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் பண்ணி நம்பர மாத்திக்கச் சொல்லிட்டேன். ஒருத்தி மட்டும் மாட்டல. சுடர்விழின்னு பேரு. புருஷன் அடி தாங்காம புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாது. போன் நம்பர மாத்திக்கிட்டே இருப்பா. ஏதாவதுன்னா அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவா. அவ இருக்கிற எடம், புள்ள ஸ்கூலு எல்லாம் அந்த மெயில்லதான் இருக்கு.” திடீரென்று நின்றார். “நீங்க யாருக்காச்சும் கோடு சொன்னீங்களா?”

“நாகராசுக்கு…” என்றேன்.

“அவன் சரி. வேற?”

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவனேதான். கூடவே கோடும் வந்து விழுந்தது. எடுக்கவா வேண்டாமா என்று நான் முழிக்க, டீச்சர் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். “கலைமதி பேசுறேன்” என்றார்.

“டீச்சரா? வணக்கம். சுடரு பக்கத்துலதான் இருக்கா. காய்ச்சலு, பேச முடியல. அந்தக் கோடு…”

“சொல்றேன் தம்பி. எங்க சென்டர்ல ஒரு பழக்கம். மொத நாளு அவங்கவங்களுக்குப் புடிச்சத டைப் அடிக்கணும். சுடரு என்ன அடிச்சான்னு கேட்டுச் சொல்லுங்க, கோடு தாரேன்.”

யாரையோ கேட்பதுபோல் முணுமுணுத்துவிட்டு, “அவ பேரைத்தான் அடிச்சாளாம்” என்றான்.

“இல்ல தம்பி” என்றார் டீச்சர்.

அப்புறம் அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. அவ்வளவு மரியாதையும் எங்கே போனதோ. அவன் வைத்த பிறகுதான் டீச்சர் உட்கார்ந்தார்.

அந்தப் பாறை மட்டும் வண்டியை மறிக்காமல் இருந்திருந்தால் நானே கோடைச் சொல்லித் தொலைத்திருப்பேன். “அவ என்னதான் அடிச்சா டீச்சர்?” என்று கேட்டேன்.

“அத எப்புடிங்க ஒங்ககிட்ட சொல்றது?” என்றார்.

அவர் புடவையிலிருந்த சேஃப்டி பின்னையே வாங்கி, அங்கேயே சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. “வண்டியில எழுதியிருக்கீங்களே?” என்று மட்டும் கேட்டார். அழித்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கும் ஒரு மெயில் ஐடி போட்டுத் தந்தார். முதலில் ஏதாவது அடிக்கச் சொல்லிக் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். அடித்தேன். என்னவென்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

வேலை பாதியாகக் குறைந்தது. புது நம்பர் யாருக்கும் தெரியவில்லை. பழைய நம்பருக்குக் கூப்பிட்டவர்கள், ஜேசிபிக்காரன் போனை யாரோ பொம்பளை எடுக்கிறாள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். வீட்டில் சண்டை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சிம்மைத் திருப்பிக் கேட்டுவிடலாம் என்று டீச்சருக்குப் போன் போட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், “சுடரு கூப்பிட்டா” என்றார். “நல்லாருக்கா. புள்ள மூணாங்கிளாஸ் போறானாம்.”

“அப்ப நம்பர மாத்திருச்சா?”

“மாத்தச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. ‘கோடு எங்கிட்ட வந்தா அடிச்சுப் புடுங்கிருவாங்க டீச்சர், ஒங்ககிட்டயே வரட்டும்’னா.” அப்புறம், “நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல டீச்சர். யாராச்சும் கிணறு தோண்டணும்னு கேட்டா, என் புது நம்பரச் சொல்லுங்க” என்றேன்.