பார்க்காமல் செருகுகிறவன்

துப்பாக்கியை இடுப்பு உறைக்குள் செருகும்போது லயல் குசேரா குனிந்து பார்க்க மாட்டான். கண் எதிரே நிற்கும் அட்டை இலக்குகள் மேலேயே இருக்கும். கை தானாக உறையைத் தேடிப் போகும். கேட்டால், "குனிஞ்சு பாக்கிறதெல்லாம் புதுசா வர்ற பசங்களுக்கு" என்பான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மணல்குழியில் அமைந்த அந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு வருகிற பழைய ஆட்கள் பலருக்கும் இந்த வீம்பு உண்டு. போட்டியில் நேரம் கணக்கிடுகிற டைமர் கடைசிக் குண்டு வெடித்ததுமே நின்றுவிடுகிறது. உறையில் வேகமாகப் போட்டதற்காக யாருக்கும் அரை நொடிகூடக் கழித்துக் கொடுத்ததில்லை. அப்படியும் சட்டென்று செருகிவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்பதில் இந்த ஆண்களுக்கு என்ன சுகமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவன் மனைவி வெர்லீன்தான் அங்கே நடுவர். சுடுகிறவருக்கு வலப்பக்கம், ஓரடி பின்னால் டைமரோடு நிற்பாள். வேடிக்கை பார்க்கிறவர்கள் இலக்கைப் பார்ப்பார்கள். அவள் பார்க்க வேண்டியது துப்பாக்கியை மட்டும். அவள் வாயிலிருந்து "தயாராகு" என்ற சொல் வராமல் யாரும் துப்பாக்கியில் கை வைக்கக் கூடாது. வந்த பிறகும் விடமாட்டாள். "மெதுவா. விரல் விசைக்கு வெளிய இருக்கட்டும். சட்டைய ஒதுக்கு. உறையப் பாத்துப் போடு" என்று எல்லாரையும் உருட்டி மிரட்டி வைத்திருந்தாள். எல்லாரும் கேட்டார்கள். கட்டின புருஷன் மட்டும் கேட்கவில்லை.

அன்று காலை அவன் சட்டைப் பொத்தான்களை அவள்தான் போட்டுவிட்டாள். குளிரில் விரல் மரத்துப்போச்சு என்றான். அக்டோபர் மாதம், நம்பலாம். ஆனால் வெயில் கொளுத்தும் ஜூலையிலும் அவன் இதையேதான் சொன்னான். அவனுடைய சர்க்கரை வியாதி விரல்வரை வந்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே அவன் கேரேஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவளும் சண்டை எதற்கென்று விட்டுவிட்டாள்.

"யோவ் லயல், இன்னிக்கு தேறலைன்னா மாநிலப் போட்டிக்கு நீ வேடிக்கை பாக்கத்தான் போகணும்!" என்று கத்தினான் கோர்டி. லயலோடு தானியக் கிடங்கில் லாரி ஓட்டுகிறவன். மைதானத்தில் புள்ளி குறிப்பது அவன் வேலை.

"நீ போய் கொட்டகையில சில்லிக் குழம்பக் கிளறுடா. அடிப்பிடிக்கிற வாசம் இங்க வருது."

"அடிப்பிடிச்சாலும் நீதான் மூணு கிண்ணம் தின்னப்போற. கூட வச்சிருக்கிற சினமன் ரோல் ரொட்டியயாவது எங்களுக்கு மிச்சம் வை."

எல்லாரும் சிரித்தார்கள். லயல் கோட்டில் போய் நின்றான். மாநிலப் போட்டி அவனுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. இந்த ஒரு சுற்று நன்றாக அமைந்தால் போதும், இடம் நிச்சயம்.

"தயாராகு," என்றாள் வெர்லீன்.

அவன் தோட்டாக் கூட்டைச் செருகினான், மேல்பகுதியை இழுத்துவிட்டான், குண்டு ஏறியது. கண் இலக்குகளில் இருக்க, கை கீழே போனது. அப்போது காற்று அடித்து அவன் குளிர்ச்சட்டையின் இடுப்புக் கயிறு ஒரு வளையமாக எழும்பி விசைக்கு முன்னால் விழுந்தது. துப்பாக்கி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உறைக்குள் இறங்கியது. முக்கால்வாசி போய் நின்றுவிட்டது.

"சனியன், குளிர்ல உறை இறுகிப்போச்சு," என்று முணுமுணுத்த லயல், ஒரே தட்டாகத் தட்டி இறக்க உள்ளங்கையை ஓங்கினான்.

ஆபத்தென்றால் "நில்" என்று கத்த வேண்டும். நடுவருக்கு அதுதான் பாடம். கத்தல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் திடுக்கிட்டால் இவன் கை இறுகும் என்பது அவளுக்குத் தெரியும். குழல் அவன் தொடையை ஒட்டி நேராகக் கீழே நின்றது.

"லயல்," என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "அமுக்காத. கைய மெதுவா மேல எடு."

"ஏன், என்ன இப்ப?"

"சொன்னாக் கேளு. எடுத்துட்டு அப்படியே அசையாம நில்லு."

எடுத்தான். அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். உறையின் விளிம்பில் கயிறு விறைத்து நின்றது. விசை பாதிக்கு மேல் பின்னால் போயிருந்தது. இடுப்பிலிருந்த கட்டுத்துணிப் பையில் ஒரு கனத்த கத்தரிக்கோல் உண்டு. குண்டு பட்ட காலிலிருந்து கால்சட்டையை வெட்டி எடுப்பதற்கு அது. அதை எடுத்து, கயிறு துளியும் இழுபடாமல் இருபக்கமும் நறுக்கினாள். பிறகு பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, துப்பாக்கி, உறை, பெல்ட் எல்லாவற்றையும் அப்படியே கழற்றி, குழல் இலக்குகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைப் பார்க்க மணலில் வைத்தாள். கோர்டி குனிந்து, துப்பாக்கியை நிதானமாக உருவி, தோட்டாக் கூட்டையும் குண்டையும் வெளியே எடுத்தான்.

"கொஞ்சத்துல தப்பிச்சடா. இல்லைன்னா இனிமே உன்னை ஒத்தைக்கால் லயல்னுதான் கூப்பிட்டிருப்போம்," என்றான் கோர்டி. அவன் முகம் வெளுத்திருந்தது.

"அதான் ஒண்ணும் ஆகலையே!" லயல் சிரித்தபடி குளிர்ச்சட்டையைக் கழற்றி வீசினான். "இந்தச் சட்டைதான் வம்பு. போச்சு. மறுபடி ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம்," என்றான் கோர்டி. "குண்டு வெடிக்கல, விரலும் விசை வளையத்துக்குள்ள இல்ல. விதிப்படி தப்பு ஒண்ணும் கிடையாது. என்ன வெர்லீன்?"

அவன் சொன்னது சரிதான். அவனை வெளியே அனுப்ப அவள் கையில் ஒரு விதியும் இல்லை.

"கயிறு உன் ஆள்காட்டி விரலுக்கு அடியிலதான் இருந்துச்சு லயல். இழுத்தது தெரியலையா உனக்கு?"

"இந்தக் குளிர்ல எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவன் காலித் துப்பாக்கியோடு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கோட்டில் நின்றான். கைகள் தொங்கின, கண் இலக்குகளில் இருந்தது. அவள் சொல்ல வேண்டியது "தயாராகு" என்ற ஒரே சொல். அது வாயைவிட்டு வரவில்லை. இன்று கயிறு தெரியவில்லை. நாளை இவன் விரலே விசைமேல் இருந்தாலும் இவனுக்குத் தெரியாதே என்று நினைத்தாள். முடியாது என்று சொன்னாலோ, ஊர் முன்னால் புருஷனைத் தலைகுனிய வைத்தாள் என்பார்கள். அவனும் அதை மறக்கமாட்டான்.

"சொல்லு வெர்லி. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

அவள் டைமரைப் பைக்குள் போட்டாள்.

"இலக்கையே பாரு, குனியாத. உன் வலது கையில ஒரு விரலப் பிடிப்பேன். எதுன்னு சொல்லிடு. நீ சொல்லிட்டா உடனே ஆரம்பிச்சிடலாம்."

"என்ன சின்னப்புள்ள விளையாட்டு இது?"

"விளையாட்டுன்னா சுலபமாச்சே. சொல்லு."

"சரி, பிடி."

அவள் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். முதலில் மெதுவாக, பிறகு இறுக்கி, பிறகு கட்டைவிரல் நகம் சதைக்குள் புதையும்படி. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. கோர்டி புள்ளி குறிப்பதை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தான்.

"சீக்கிரம் பிடியேன்," என்றான் லயல், இலக்குகளைப் பார்த்தபடி. "குளிர்ல நிக்க வச்சிட்டு அப்படி என்ன யோசனை?"

யாரும் சிரிக்கவில்லை. கோர்டிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் லயலுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அன்று முதல்முறையாக அவன் குனிந்து பார்த்தான். அவள் நகம் பதிந்த இடத்தில் விரல் வெளுத்துக் குழிந்திருந்தது.

"எப்பலேர்ந்து பிடிச்சிட்டு இருக்க?" என்று கேட்டான்.